தவிட்டுக்குப் போன பிள்ளை

அத்தியாயம் 11

பெரகலைச் சந்தியில், காலில் செருப்புக்கூட இல்லாமல் பஸ்ஸுக்கு நின்ற சுதர்ஷினியைப் போன வாரம் அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். பஸ் வந்தது. மொனராகலை பஸ். அவள் ஏறவில்லை.

பிள்ளை நினைப்பு வந்து திரும்பினாள் என்று சொல்ல ஆசைதான். நடந்தது அதுவல்ல. பால் கட்டி, கசிந்து, சட்டை நனைந்துவிட்டது. நனைந்த சட்டையோடு ஆம்பிளைகள் தொங்கிக்கொண்டு வரும் பஸ்ஸில் ஏறக் கூசியது. திரும்பி மலையேறினாள். அவ்வளவுதான். அதற்குத் தாய்மை என்று பெயர் வைக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும்.

தேயிலைத் தோட்ட வரிசை வீடான லயத்து வாசலில் விஜயலெட்சுமி நின்றிருந்தாள், மூன்று மாதக் குழந்தை மிதுஷாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு. விஜயலெட்சுமி, சுதர்ஷினியின் புருஷன் ஜீவனுக்கு அக்கா, சுதர்ஷினிக்கு அண்ணி. தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவனை ஆளாக்குகிற வேலையில் தனக்கு ஒரு கல்யாணம் இருக்கிறது என்பதையே மறந்துபோனவள். அந்த வீட்டில் கறிக்கு உப்பு எவ்வளவு என்பதிலிருந்து யார் எப்போது அழலாம் என்பது வரை அவள் வைத்ததுதான் சட்டம்.

"எங்க போன?"

"தெரியல அண்ணி."

அந்த 'தெரியல'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. கடைக்குப் போனேன் என்று ஒரு பொய்யை விட்டெறிந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

"தெரியாமப் போனாளாம். செருப்புப் போடாமப் போனாளாம். இவளாப் போகல ஜீவன், ஏதோ கூட்டிக்கிட்டுப் போயிருக்கு" என்று அண்ணி முடிவு கட்டினாள். "ஒன்பது வருஷம் கழிச்சு வந்த புள்ள. பின்னாலயே ஒண்ணு சுத்துது. அது புள்ளையத் தூக்குறதுக்கு முந்தி நாம முந்திக்கிடணும். தவிட்டுக்கு வித்துருவோம்."

நெடுநாள் கழித்துப் பிறந்த பிள்ளையை, நிறையப் பெற்று நன்றாக வளர்த்த ஒருத்திக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். இது ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை இல்லை, தவிட்டு விலைக்குப் போன பிள்ளை என்று பின்னால் வருவதை ஏமாற்றுகிற வேலை. அன்றைக்கே, விளக்கு வைக்கும் முன், பெற்றவள் வாங்கினவளின் கதவைத் தட்டி, "ஒங்க புள்ளைய வளக்கக் குடுங்க" என்று தன் வாயால் கேட்டு வாங்கி வரவேண்டும். அவளுக்குப் பதிலாக வேறு வாய் கேட்கக்கூடாது. விளக்கு வைத்த பிறகு அவளே கேட்டாலும் செல்லாது.

வெள்ளிக்கிழமை என்று நாள் வைத்தார்கள். இன்று வெள்ளி.

*

பின்னால் ஒன்று சுற்றுகிறது என்று அண்ணி சொன்னதில் பாதி உண்மை. ஒன்றில்லை. மூன்று.

கொழும்பில், கண்ணாடித் தட்டு ஒன்றில், ஜீவனுக்கும் அவளுக்குமாக நான்கு கருக்கள் உருவாகியிருந்தன. "நாலும் நல்லா வந்திருக்கு. அதில திறமானதா ஒண்டை உள்ளுக்கு வைப்பம். மற்ற மூண்டையும் உறைய வைச்சுப் பத்திரப்படுத்துவம்" என்று டொக்டர் சொன்னார். மீன் கடையில் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சுதர்ஷினி சிரித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். ஒன்பது வருஷம் தவித்தவளுக்கு நான்கு என்பது எவ்வளவு பெரிய எண்!

அந்த மூன்றும் அவளைத் தேடி வந்தது மிதுஷா பிறந்த பிறகுதான். அப்புத்தளைப் பக்கமிருந்து பனி இறங்கி லயத்துத் தகரத்தில் உட்காரும்போதெல்லாம் அவளுக்கு முதுகு சில்லிடும். இங்கேயே இப்படிக் குளிருதே, அங்கே எப்படிக் குளிரும்? தொட்டிலுக்குள் குனிவாள். தோளுக்குப் பின்னால் மூன்று பேர் வரிசையாக நிற்பது தெரியும். என்னை விட்டுவிட்டு இவளை ஏன் எடுத்தாய் என்று அவை கேட்பதில்லை. கேட்க வாய் முளைக்கவில்லையே. சும்மா நிற்கும். அவள் கை பாதியில் நின்றுவிடும்.

மிதுஷா அழுவது அவளுக்குப் பயமில்லை. அழுகிற பிள்ளையைச் சமாளிக்கலாம். அழாத மூன்று பேரை என்ன செய்வது?

இத்தனைக்கும் அவள் கை சாதாரணக் கை இல்லை. தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஏழெட்டு வருஷம் டீச்சராக இருந்தவள். கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் விடியற்காலையில் போட்டுவிட்டுப் போகும் கைக்குழந்தைகளை ஒரே நேரத்தில் இடுப்பில் ஒன்று, மடியில் ஒன்று, காலாட்டலில் ஒன்று என்று தூங்கவைத்தவள். "சுதா டீச்சர் கை பட்டா அழுகை நிக்கும்" என்று மேல் டிவிசன் முழுக்கப் பேர். ஊரார் பிள்ளையெல்லாம் அடங்கிய கை, தன் பிள்ளை முன்னால் மரக்கட்டையாகிவிட்டது.

யாரிடம் சொல்வது? கொழும்புக்குப் போனதே யாருக்கும் தெரியாது. "ஆஸ்பத்திரில செஞ்ச புள்ளன்னு நாளைக்கு ஸ்கூல்ல சொல்லுவானுங்க" என்று அண்ணி வாயைக் கட்டிவிட்டாள். கதிர்காமத்துக்கு நேர்ந்துகொண்டு கிடைத்த பிள்ளை என்பதுதான் தோட்டத்துக்குச் சொன்ன கணக்கு. ஊசி மருந்துகளைக் குளிரில் வைக்கவேண்டியிருந்தது. லயத்தில் பிரிஜ் ஏது? பெரகலையில் ஸமீம் நானா கடையில், சோடாப் போத்தல்களுக்கு நடுவில் வைத்தார்கள். எதற்கு என்று நானா கேட்டார். ஜீவன் திணறிப்போய், "எனக்குத்தான் நானா, சீனி வருத்தம்" என்று நீரிழிவைத் தன் தலையில் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து பெரகலைச் சந்தியில் அவனுக்கு யாரும் இனிப்பாக ஒரு பிளேன்டீ கொடுத்ததில்லை.

*

காலையில் றிப்தா மிஸ் வந்தார். பண்டாரவளைக்காரர், இந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கு மிட்வைஃப். பிள்ளையை நிறுத்துப் பார்த்தார், உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு, வழக்கமாக யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார். பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைப் பார்த்தார்.

"சுதர்ஷினி, ராவையில நித்திரை வருதா?"

"நல்லாத் தூங்குறா மிஸ்" என்றாள் அண்ணி.

"சாப்பாடு?"

"நான்தானே ஆக்கிப் போடுறேன். தட்டுல ஒரு பருக்கை மிஞ்சாது."

"நான் அவங்கக்கிட்டக் கேட்டன்."

"அவளும் அதத்தான் மிஸ் சொல்லுவா. எதுக்கு ரெண்டு தடவ?"

றிப்தா மிஸ் ஸ்டூலை இழுத்து, அண்ணிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். "மனசு எப்பிடி ஈக்கு?"

சுதர்ஷினி வாயைத் திறந்தாள். தொண்டை வரை வந்தது. அண்ணி பின்னாலிருந்து சிரித்தாள். "மனசுக்கென்னா மிஸ்! ஒன்பது வருஷமா அழுதா, முருகன் குடுத்தான். இன்னும் மனசு சரியில்லன்னா அதுக்குப் பேரு கொழுப்பு."

"நல்லா இருக்கு மிஸ்" என்றாள் சுதர்ஷினி.

பிள்ளை இல்லாதவளுக்கு அழ உரிமை இருந்தது. மூலையில் உட்கார்ந்து அழுதால் யாராவது தேத்தண்ணியாவது கொண்டுவந்து வைப்பார்கள். பிள்ளை கிடைத்த அன்றோடு அந்த உரிமையும் போய்விட்டது. இவ்வளவு ஊசி குத்தி, இவ்வளவு தவம் கிடந்து வாங்கியவள், வாங்கிய பிறகு வலிக்கிறது என்று எந்த மூஞ்சியோடு சொல்வது? குறை யாரிடம் என்று இந்த ஒன்பது வருஷமும் ஒருவரும் கேட்டதில்லை. கேட்காமலே அவளிடம்தான் என்று தெரிந்து வைத்திருந்தார்கள். இப்போது நன்றி கெட்டவள் என்ற பட்டமும் சேர்ந்தால் தாங்காது.

ஸ்கூட்டியில் ஏறும்போது றிப்தா மிஸ் மெதுவாகச் சொன்னார்: "என்ட நம்பர் ஈக்குதானே. வேற மாதிரிப் பயம் வந்தா எந்நேரமும் எடுங்க."

"வேற மாதிரின்னா என்னா மாதிரி மிஸ்?" என்றாள் அண்ணி. அவள் காது அப்படி.

*

மத்தியானம் ஜீவன் கொழுந்து லொறியை நிறுத்திவிட்டு, ஒரு பொட்டலத்தோடு வந்தான். தவிடு.

"வாங்குறவதானே தவிடு குடுக்கணும்? நாமளே வாங்கிக் குடுத்து நாமளே விக்கிறமா?" என்று சுதர்ஷினி கேட்டாள்.

"நல்லம்மா அக்கா கோழி வளக்கல, தவிட்டுக்கு எங்க போவேன்னு கேட்டுச்சு. அக்காதான் நீ வாங்கிட்டு வான்னுச்சு." அவன் பொட்டலத்தை இஸ்தோப்புத் திண்ணையில் வைத்தான். உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. "நானா என்னா சொன்னாரு தெரியுமா? 'நல்ல முடிவு தம்பி, தவிட்டுக் கஞ்சி குடிங்க, சீனி தன்னால எறங்கும்'கிறாரு. ஒரு பிடி கூடவே போட்டாரு."

சுதர்ஷினி சிரித்துவிட்டாள். சிரித்து எத்தனையோ நாளாயிற்று, தாடை வலித்தது. ஜீவனும் சிரித்தான். பழைய ஜீவன், ஒரு நிமிஷத்துக்கு. அந்த நிமிஷத்தை நம்பித்தான் அவள் கேட்டாள்.

"என்னாங்க, அந்த மூணும்..."

அவன் முகம் இழுத்துச் சாத்தின கதவாகிவிட்டது.

"ஆரம்பிக்காத சுதா."

"ஒங்களுக்கு ஒண்ணுமே தோணலியா?"

"என்னா தோணணும்? கையில இருக்கிறதப் பாரு. அந்தப் பேச்ச எடுக்காதன்னு எத்தன தடவ சொல்றது?" எழுந்து போய், மழையில் ஏற்கனவே கழுவப்பட்டிருந்த லொறியை மறுபடி கழுவத் தொடங்கினான்.

*

கொழுந்து நிறுத்துவிட்டுப் பெண்கள் லயத்துக்குத் திரும்பும் நேரம். கூடை இறக்கி, முகம் கழுவி, நாலைந்து பேர் வாசலில் கூடிவிட்டார்கள். விற்பனை என்றால் சாட்சி வேண்டுமே.

வாங்குகிறவள் பக்கத்துக் காம்பரா நல்லம்மா. ஐந்து பெற்றவள். ஐந்தும் மழையில் நனைந்தாலும் தும்மாத பிள்ளைகள். கொழுந்தெடுக்க இடுப்பில் சுற்றும் படங்குத் துணியைக்கூட அவிழ்க்காமல் வந்து நின்றாள்.

"சரக்கக் காட்டுங்க. பாக்காம வாங்க முடியாது" என்றாள்.

"பொட்டப்புள்ள. மூணு மாசம்" என்றாள் அண்ணி, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு. முறைப்படி பிள்ளையை இளக்காரமாகத்தான் பேசவேண்டும்.

"கறுப்பா இருக்கே."

"கறுப்புத்தான். மூக்கும் சப்பை."

"ராவெல்லாம் கத்துது. சொவத்துக்கு அந்தப் பக்கம் எனக்குத்தான் தெரியும். இதுக்குப் போய் ஒரு மொறம் தவிடா? அரை மொறம் தாரேன்."

பெண்கள் சிரித்தார்கள். "அடியே நல்லம்மா, ஒன் அஞ்சும் சேத்து வித்தா ஒரு மொறம் தேறுமா?" என்றது ஒரு குரல்.

அண்ணி மிதுஷாவைச் சுளகில் கிடத்தினாள். வாசலோரக் குப்பைமேட்டில் சுளகை ஒரு தடவை தொட்டு எடுத்தாள். பிறகு சுதர்ஷினியின் முந்தானையை விரிக்கச் சொன்னாள். நல்லம்மா முறத்திலிருந்த தவிட்டைக் கொட்டினாள். சுளகிலிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டாள்.

"இனி இது எம் புள்ள. பேரு பிச்சையம்மா. ஒங்களுக்கும் இதுக்கும் ஒட்டுமில்ல ஒறவுமில்ல" என்று சொல்லி, திரும்பிப் பாராமல் தன் காம்பராவுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சுதர்ஷினி முந்தானைத் தவிட்டோடு நின்றாள்.

அழுகை வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். விளையாட்டுக்கு விற்றாலும் தாய் அழுதுவிடுவாள். அழுதால்தான் பார்க்கிறவர்களுக்கும் நிறைவு. அவளுக்கு அழுகை வரவில்லை. மூச்சு வந்தது. மூன்று மாதமாக நெஞ்சுக்குள் பாதி வரை மட்டும் போய்க்கொண்டிருந்த மூச்சு, இப்போது அடிவயிறு வரை இறங்கியது. தோள் இறங்கியது. பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசல், தண்ணீர்ப் பீலி, தேயிலைச் சரிவு, அதன் மேல் படுத்துக்கிடக்கும் பனி. யாரும் இல்லை. மூன்று பேரும் இல்லை.

அது எவ்வளவு சுகமாக இருந்ததோ, அவ்வளவு பயமாகவும் இருந்தது.

"என்னா மரம் மாதிரி நிக்கிற? போய்த் தட்டு" என்றாள் அண்ணி. "வெளிச்சம் போகுது."

சுதர்ஷினி போனாள். தட்டினாள். நல்லம்மா கதவைத் திறந்தாள், தோளில் பிள்ளையோடு.

"யாரும்மா? என்னா வேணும்?" முறைப்படி கேட்டாள். கண்ணில் குறும்பு.

"அக்கா..."

"சொல்லுங்க டீச்சர்."

"ஒங்க புள்ளைய வளக்கக் குடுங்கன்னு சொல்லு. ஒரே நிமிசத்துல முடியுற வேலை. கேளு!" அண்ணி பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தாள்.

சுதர்ஷினி கேட்கவில்லை. கேட்டால் வந்துவிடும். பிள்ளை தனியாக வராது, அந்த மூன்றும் கூடவே வரும்.

"புள்ள ஒங்ககிட்டயே இருக்கட்டும்க்கா" என்றாள்.

வாசலில் சிரிப்பு அறுந்தது. நல்லம்மாவின் கண்ணிலிருந்த குறும்பும் போனது.

அண்ணி நாலே எட்டில் வந்து அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏய்! யாரு நீ? எங்கருந்து வந்திருக்க? என்னா வேணும் ஒனக்கு?" கேள்வி சுதர்ஷினிக்கு அல்ல, அவளுக்குள் இருப்பதாக நினைத்ததற்கு. "பாத்தீங்களாடி? இவ பேசல. அது பேசுது."

"நான்தான் அண்ணி பேசுறேன்."

"அப்படித்தான் சொல்லும்!"

"நான்தான்! சுதர்ஷினி. கொஸ்லந்தைக்காரி. பேயும் இல்ல, காத்தும் இல்ல." குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "நேர்த்தி வச்சுக் கெடச்ச புள்ளையும் இல்ல. கொழும்புல வயித்துல ஊசி போட்டு, கண்ணாடித் தட்டுல வளத்து, உள்ள வச்ச புள்ள. இன்னும் மூணு அங்க ஐஸ்ல கெடக்கு. கண்ண மூடுனா அதுங்க நிக்குது. இவளத் தூக்கப் போனா கை வரமாட்டேங்குது. எனக்குத்தான் சரியில்ல. புள்ளைக்கு ஒண்ணுமில்ல. எனக்கு!"

எங்கோ மேல் லயத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

நல்லம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப ஜீவன் தம்பிக்குச் சீனி இல்லியா?"

யாரோ களுக்கென்று சிரித்து, உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஜீவன் லொறிப் பக்கம் தலை குனிந்து நின்றான். அண்ணியின் முகத்தில் ரத்தமில்லை. இத்தனை வருஷம் தம்பியின் மானத்துக்குப் போட்ட வேலி, ஒரே மூச்சில் சாய்ந்து கிடந்தது.

"ஒனக்காக நான் கதிர்காமத்துல பொய் சொன்னேன்டி. சாமி சந்நிதியில நின்னு பொய் சொன்னேன்" என்றாள் மெதுவாக. கத்தியிருந்தால் பரவாயில்லை. பிறகு சேலையை இழுத்துச் செருகினாள். "கீழ் டிவிசன் கோடாங்கியக் கூட்டிட்டு வாரேன். இது பேயா, மனுசியான்னு அவரு சொல்லட்டும்." பனிக்குள் இறங்கி நடந்தாள்.

*

மிதுஷா அழத் தொடங்கினாள்.

"பசி" என்றாள் நல்லம்மா. "வாங்கிட்டேன் சரி. பாலுக்கு எங்க போறது டீச்சர்? எனக்கு வத்தி நாலு வருஷமாச்சு. கோழிக்குத்தான் தவிடு போடலாம்."

சுதர்ஷினி வாசற்படியிலேயே நின்றாள். சட்டை நனையத் தொடங்கியிருந்தது.

"உள்ள வாங்க. ஒங்க புள்ளைக்குன்னு யாரும் சொல்லல. எம் புள்ள பசியில கத்துது, பால் இருக்கிறவ குடுத்துட்டுப் போங்க. பிள்ளைக்காம்பராவுல எங்க அஞ்சையும் பாத்தீங்கல்ல, அது மாதிரித்தான்."

நல்லம்மா அதை யோசித்துச் சொல்லவில்லை. பிள்ளை கத்துகிறது, பால் இருக்கிறது, அவ்வளவுதான் அவள் பார்த்தது. ஆனால் சுதர்ஷினியின் கை நீண்டது. பாதியில் நிற்கவில்லை. வலது கை கழுத்துக்கு அடியில் போனது, இடது கை இடுப்பைத் தாங்கியது, முழங்கை தானாக மடிந்து இடம் கொடுத்தது. ஏழெட்டு வருஷம் பழகிய கை. ஊரார் பிள்ளையைத் தூக்கத் தெரிந்த கை.

மிதுஷா, இல்லை, பிச்சையம்மா, முட்டி முட்டிக் குடித்தாள். நெற்றியில் ஒரு சின்ன நரம்பு துடித்துத் துடித்து அடங்கியது. இந்த நரம்பை இதுவரை பார்த்ததே இல்லையே என்று சுதர்ஷினி நினைத்தாள். பெற்று மூன்று மாதம், பிள்ளையின் முகத்தை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை. தோளுக்குப் பின்னாலேயே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஜீவன் வாசலில் வந்து நின்றான். ஈரக் கை. லொறி கழுவின சேறு முழங்கால் வரை.

"சுதா, கேட்டுரு. விளக்கு வைக்கப் போறாங்க."

"கேட்டா அவ எம் புள்ளையாயிருவா. அதான் பயமாருக்கு."

"பின்ன யாரு புள்ள அவ?"

"இப்பத்திக்கு நல்லம்மா அக்கா புள்ள. அதனாலதான் தூக்கி வச்சிருக்கேன். தெரியலியா ஒங்களுக்கு? பாருங்க. தூக்கி வச்சிருக்கேன்."

ஜீவன் பார்த்தான். அவள் மடியைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான். கல்யாணம் கட்டிக் கூட்டிவந்த புதிதில் பிள்ளைக்காம்பரா வாசலில் பார்த்த அதே கைகள். பிறகு சுதர்ஷினியை விட்டுவிட்டு நல்லம்மா பக்கம் திரும்பினான்.

"அக்கா, இன்னிக்கு ராத்திரி ரெண்டு பேரையும் ஒங்ககிட்ட வச்சுக்கிறீங்களா?"

"ரெண்டு பேரையுமா?" நல்லம்மா பாயை உதறினாள். "தவிடு பத்தாதே தம்பி."

ஆனால் பாயை அகலமாகத்தான் விரித்தாள்.

ஜீவன் போய்விட்டான். பக்கத்துக் காம்பராக் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. லயம் நெடுக ஒவ்வொரு காம்பராவாக விளக்கு ஏறியது. நல்லம்மாவும் சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கை ஏற்றினாள். தீக்குச்சியை உதறி அணைத்துவிட்டு, சுதர்ஷினியை ஒரு கணம் பார்த்தாள். இருவருக்கும் தெரியும். நேரம் போயிற்று. முறைப்படி இனி அந்தப் பிள்ளை திரும்பி வராது.

சுதர்ஷினிக்கு வருத்தம் வரவில்லை. மடி சூடாக இருந்தது. பிள்ளை வாய் நழுவித் தூங்கிப்போயிருந்தாள். பின்னால் யாரும் நிற்கவில்லை. அவள் மறுபடி மறுபடி திரும்பிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். அந்த மூன்று பேரும் இங்கே வரவே இல்லை. பக்கத்தில், அவள் காம்பராவிலேயே நின்றுவிட்டார்கள் போல.

அங்கேயே.

லயத்துச் சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் கேட்கும். முதலில் வந்தது கயிறு உரசும் சத்தம். க்ரீச்... க்ரீச்... விட்டத்தில் கட்டிய சீலைத் தொட்டில் ஆடினால் வரும் சத்தம். அதோடு ஜீவனின் குரல். தாலாட்டு இல்லை. பேச்சு. தாழ்ந்த, கெஞ்சுகிற பேச்சு.

நல்லம்மா ரொட்டி தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"டீச்சர், ஒங்க அண்ணி வந்துருச்சா?"

"இல்லியே."

"அப்ப தம்பி யாருகூடப் பேசிக்கிட்டிருக்கு?"

சுதர்ஷினி காதைச் சுவரில் வைத்தாள். வார்த்தை தெளிவாக வரவில்லை. பனிக்காற்றில் தகரம் படபடத்தது. அது அடங்கிய இடைவெளியில் ஒன்று மட்டும் விழுந்தது. "...தள்ளிப் படுங்க. அவனுக்கும் எடம் குடுங்க."

அந்தப் பேச்சை எடுக்காதே, எடுக்காதே என்று இத்தனை நாள் ஏன் சொன்னான் என்று அப்போது அவளுக்கு விளங்கியது. அந்த மூன்றையும் அவனும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

"அக்கா, ஒங்க புள்ளையக் கொஞ்சம் பிடிங்க."

பிள்ளையை நல்லம்மாவின் மடியில் வைத்துவிட்டு வெளியே ஓடினாள். பக்கத்துக் கதவுதான். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பகலில் ஒரு நாளும் தாழ்ப்பாள் போடாத கதவு, ராத்திரியிலும் அண்ணி வரும்வரை சும்மா சாத்திக் கிடக்கும் கதவு.

"என்னாங்க!" இரண்டு கையாலும் தட்டினாள். "என்னாங்க, நான்தான். தொறங்க!"

பேச்சு நின்றது.

தொட்டில் சத்தம் நிற்கவில்லை.